கடலுக்குப் புலப்படம் உண்டா? மல்லிப்பட்டினம் முதல் தூத்துக்குடி வரை ஏழு நாள்

2025 ஜூலை 5, சனி: மல்லிப்பட்டினம்

தம்பி மகள் தூத்துக்குடியில் மீன்வளம் படிக்கிறாள். விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். தஞ்சாவூரிலிருந்து மதுரை வழியாகப் போனால் ஒரு பகலில் வேலை முடிந்துவிடும். "இந்தத் தடவை கரையோரமாவே போவோமா அத்தை?" என்றாள். எனக்கும் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. வீட்டில் இருந்து பழகவே இல்லை. சரி என்று கிளம்பிவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்தவள் நான். கடலோரக் கிராமங்களின் புலப்படங்கள், அதாவது நில எல்லை காட்டும் வரைபடங்கள், எத்தனையோ என் கையால் வரைந்திருக்கிறேன். கிழக்கு எல்லை வந்ததும் 'கடல்' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவேன். அதற்கப்பால் வரைய என்ன இருக்கிறது என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இந்த ஏழு நாள் குறிப்புகளையும் அன்றன்று இரவே எழுதி வைத்ததற்குக் காரணம் அதுதான்.

பட்டுக்கோட்டையிலிருந்து பேருந்தில் மல்லிப்பட்டினம் வந்து இறங்கும்போது காலை பத்து மணி. வெயில் அதற்குள் சுள்ளென்று இருந்தது. துறைமுகத்தில் பெரிய படகு ஒன்றையும் காணோம். கரையில் நாட்டுப்படகுகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. நாலைந்து பேர் படகு நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 இரவோடு முடிந்துவிட்டதே, இவர்கள் ஏன் போகவில்லை என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"இன்னிக்கு சனிக்கிழமைல்லம்மா. விசைப்படகு நாளு."

அவர் அதை மளிகைக் கடை விடுமுறை சொல்வதுபோல் சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார். டீ 12 ரூபாய். நான் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு படகு நிழலுக்குப் போனேன்.

இந்தக் கரையில் கடல் கிழமையால் பிரிக்கப்பட்டிருக்கிறது. திங்கள், புதன், சனி மூன்று நாளும் விசைப்படகுகளுக்கு. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. அதில் விசைப்படகு இழுத்துப் போகும் பை வலையான இழுவை மடி தரையை உரசிக்கொண்டு போகும்போது வழியில் இருக்கிற நண்டு வலையும் திருக்கை வலையும் அறுந்து போகும். முன்பு இதற்காக நடுக்கடலில் அடிதடி, கரையில் படகு எரிப்பு எல்லாம் நடந்திருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு பேரும் இருக்க முடியாது, ஆனால் இருப்பதோ ஒரே கடல். அதனால் இடத்தைப் பிரிக்காமல் நாளைப் பிரித்துக்கொண்டார்கள். வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். "ஆத்துப் பாசனத்துல முறை வச்சுத் தண்ணி விடுறாங்கல்ல, அது மாதிரிதான்" என்றார். தஞ்சாவூர்க்காரிக்கு இதைவிடத் தெளிவாக ஒருவர் விளக்க முடியாது.

மதியம் ஒரு வீட்டோடு சேர்ந்த கடையில் சாப்பாடு. நெத்திலிக் குழம்பு, வாளை மீன் வறுவல், ரசம், இரண்டு பேருக்கும் சேர்த்து 230 ரூபாய். பரிமாறிய பெண் "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கக்கா" என்று மூன்று முறை வந்தார்.

சாயங்காலம் மனோரா. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி கட்டிய கோபுரம். சுற்றி இருக்கும் தென்னைகளில் பாதி இளசு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம் தென்னையையும் படகையும் ஒரே இரவில் வாரிக்கொண்டு போனது. துறைமுகத்தில் படகின் மேல் படகு ஏறிக் கிடந்த படத்தை அன்றைக்குப் பத்திரிகையில் பார்த்து அழுதிருக்கிறேன். அதே துறையில் இப்போது நின்றுகொண்டிருக்கிறேன் என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஜூலை 6, ஞாயிறு: மல்லிப்பட்டினம்

விடியற்காலையிலேயே துறைமுகம் சந்தையாகிவிட்டது. நேற்றுப் போன விசைப்படகுகள் ஒவ்வொன்றாக வந்து கட்டின. தடைக்காலம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்பதால் நல்ல மீன்பாடு. இறால், கணவாய், நண்டு, கூடை கூடையாக இறங்கியது. ஏலம் விடுகிறவர் பேசுவது எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. இன்னொரு பக்கம் நாட்டுப்படகுகள் வலையை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தன. நீலக்கால் நண்டைக் கால் ஒடியாமல் வலையிலிருந்து எடுப்பதற்கென்றே பெண்கள் காத்திருந்தார்கள். கிலோ 450 என்று பேசிக்கொண்டார்கள். கால் ஒடிந்தால் விலை பாதி.

நேற்றைய பெரியவரைத் தேடிப் போனேன். அவர் மகன் அப்போதுதான் கரையேறியிருந்தார். வலையோடு ஒட்டி வந்த நீளப் புல்லை எடுத்து எங்களிடம் காட்டினார். கடல் தாழை என்றார். ரிப்பன்போலத் தட்டையாக, கரும்பச்சையாக இருந்தது. பாசி இல்லை, வேர், தண்டு, பூ எல்லாம் உள்ள புல் என்று தம்பி மகள் விளக்கினாள். இந்தப் புல் வயலை நம்பித்தான் ஆவுளியா வாழ்கிறது. புத்தகம் அதைக் கடற்பசு என்கிறது. இங்கே யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கவில்லை. மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ வரை எடை, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல். ஒரு கன்று போட்டால் அடுத்ததற்குக் குறைந்தது மூன்று வருடம். இந்தியக் கடல் முழுக்க எண்ணினாலும் ஏறத்தாழ 240தான் மிஞ்சியிருக்கும் என்பது அரசு மதிப்பு. அதில் பெரும்பகுதி இந்தப் பக்கம்தான்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது. தேசியப் பூங்கா மாதிரி ஆளை வெளியே நிறுத்தும் வகை இல்லை இது. உள்ளூர் மக்களைக் கலந்து பேசித்தான் அறிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிற வகை. பெரியவரின் மகனிடம், இதனால் உங்களுக்கு இடைஞ்சலா என்று நேராகவே கேட்டேன்.

"எங்க வலைல சிக்குனா அறுத்து விட்டுடுவோம்க்கா. வலை போனா வனத்துறைல காசு குடுக்குறாங்க. முன்னாடி எங்க தாத்தா காலத்துல அடிச்சுத் தின்னாங்க, பொய் சொல்லக் கூடாது. இப்ப அது இருக்குற இடத்துல புல்லு இருக்கு, புல்லு இருக்குற இடத்துல நண்டு இருக்கு. எங்களுக்கும் அதுதான வேணும்?"

பிறகு துறைமுகத்தைக் கைகாட்டி, "இழுவை மடி தாழையைப் பேத்துட்டுப் போறதைத்தான் யாராவது நிறுத்தணும்" என்றார். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள், அதாவது ஐந்தரைக் கிலோமீட்டருக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்பது 1983ஆம் வருடச் சட்டம். கிழமை முறையை மீறினால் அன்று சாயங்காலமே ஊர் கூடிவிடும். இந்த மூன்று மைல் கோட்டை மீறுவது மட்டும் வருடக்கணக்காகப் புகாராகவே இருக்கிறது என்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து பேசிப் போட்ட கோடு ஒன்று, மேலிருந்து வந்த கோடு ஒன்று. எதற்கு மதிப்பு அதிகம் என்று அந்தக் கரையில் நின்றால் தெரிந்துவிடுகிறது.

திரும்பும்போது சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. இழுக்கப் போய் சிப்பி ஓட்டில் வலது பாதம் கிழிந்து ரத்தம் நிற்கவே இல்லை. நண்டு எடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் தன் முந்தானையிலிருந்து கிழித்துக் கட்டிவிட்டு, பேரனின் மோட்டார் சைக்கிளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தார். டி.டி. ஊசி, இரண்டு தையல். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தேன்; அந்தப் பையன் வாங்கவில்லை.

ஜூலை 7, திங்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலை

காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பேருந்துப் பயணம். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று ஊர் ஊராக நின்று போனது. ஜெகதாப்பட்டினம் தாண்டி வண்டி நின்றேவிட்டது. ஒன்றரை மணி நேரம். நிழலுக்கு ஒரு வேலிக்கருவை. பக்கத்து இருக்கைப் பெரியம்மா தன் பையிலிருந்து இரண்டு வெள்ளரிப் பிஞ்சு எடுத்து எங்களுக்குக் கொடுத்தார், உப்போடு.

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் தம்பி மகள் எனக்குப் பாடம் எடுத்தாள். கைப்பேசியில் ஒரு வரைபடம் காட்டினாள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத் திட்டு. கடல் முழுக்க வண்ணம். பச்சைப் பகுதியில் மீன் பிடிக்கக் கூடாது, படகில் போகலாம். வெளிர்நீலத்தில் பெரும்பாலான வேலைகளுக்கு அனுமதி. மஞ்சளில் தூண்டில்போல ஒரு சிலவற்றுக்கு மட்டும். 2004இல் இந்த வண்ணங்களை மாற்றிப் போட்டபோது, மீன் பிடிக்கக் கூடாத பகுதி ஐந்து சதவீதத்துக்கும் கீழே இருந்ததிலிருந்து முப்பத்துமூன்று சதவீதமாகக் கூடியது. அதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள்; 31,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. நிலத்துக்கு நாங்கள் செய்ததைக் கடலுக்குச் செய்திருக்கிறார்கள்! எனக்கு உடனே ஒரு தாளும் பென்சிலும் தேவைப்பட்டது.

"நம்மகிட்ட இது இல்லையா?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு அத்தை. நார்வேயோட 2019ல ஒப்பந்தம் போட்டு, புதுச்சேரியையும் லட்சத்தீவையும் முதல்ல எடுத்திருக்காங்க. கடல்வெளித் திட்டமிடல்னு பேரு."

மீன்பிடி, துறைமுகம், கப்பல் வழி, பாதுகாப்பகம், காற்றாலை, எண்ணெய்க் கிணறு, சுற்றுலா எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்து, எது எங்கே, எப்போது என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்வதுதான் அது. அவள் சொல்லச் சொல்ல, மல்லிப்பட்டினத்து டீக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். அந்தப் படத்தில் 'திங்கள், புதன், சனி' என்பதை எந்த வண்ணத்தில் போடுவார்கள்?

காரங்காட்டில் இறங்கி அலையாத்திக் காட்டுக்குள் படகில் போக நினைத்திருந்தோம். கால் தையலோடு உப்புத் தண்ணீர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவள் மட்டும் போய் வந்தாள். நான் கரையில் கருவாட்டு வாசத்தில் உட்கார்ந்து இளநீர் குடித்தேன், 40 ரூபாய்.

ராமநாதபுரம் போகும் வழியில் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கும் நவபாஷாணத்தைப் பார்த்தோம். கடலில் கல் நட்டு வைத்திருப்பதை இந்தப் பயணத்தில் கண்டது அங்கே மட்டும்தான்.

ஜூலை 8, செவ்வாய்: பாம்பன்

இன்று மனது கனத்துக் கிடக்கிறது. நிறைய எழுத வேண்டும்.

காலையில் தீவைப் பார்க்கப் படகுக்கு முன்பணம் கட்டியிருந்தோம். போய் நின்றால், தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கிறது, இன்று படகு இல்லை என்றார்கள். அது நியாயம்தான், தென்கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் 600 ரூபாய் முன்பணத்தைத் திரும்ப வாங்க ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. அதில் நூறு ரூபாய் வரவே இல்லை.

பாம்பனில் ஒரு பக்கம் வடகடல், அதாவது பாக் நீரிணை; இன்னொரு பக்கம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. கச்சான் அடிக்கும் ஆடி மாதத்தை ஒட்டித் தென்கடல் கொதிக்கும்போது வடகடல் குளம்போல் கிடக்கும். மழைக்காலத்து வாடைக் காற்றில் அப்படியே மாறிவிடும். அந்தந்தக் காற்றுக்குத் தகுந்தபடி மீனவர்கள் கடல் மாறுகிறார்கள். பாலத்தின் மேலிருந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு பக்கம் நுரை, ஒரு பக்கம் கண்ணாடி. பக்கத்தில் ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். நடுவில் உள்ள 72.5 மீட்டர் பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும், கப்பல் போக. 1914இல் திறந்த பழைய பாலமும் கப்பலுக்கு வழிவிட்டு நின்றதுதான். ரயிலும் கப்பலும் முறை வைத்துக்கொண்டு நூற்றுப்பத்து வருடமாக ஒரே இடத்தைப் பகிர்ந்திருக்கின்றன.

பிற்பகலில் தென்கடல் பக்கக் குடியிருப்பு ஒன்றுக்குப் போனோம். பாசி எடுக்கும் பெண்கள் காற்றால் வேலைக்குப் போகாமல் வேப்ப மர நிழலில் இருந்தார்கள். கட்டு போட்ட என் காலைப் பார்த்ததும் பேச்சு தானாக ஆரம்பித்தது. "பாறைல எங்க காலைப் பாருங்கக்கா" என்று ஒருவர் நீட்டிக் காட்டினார். பாதம் முழுக்க வெட்டு, வெட்டின் மேல் வெட்டு. விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று தனித்தனியாகப் பிய்த்து, இடுப்பில் கட்டிய பையில் சேர்ப்பார்கள். அம்மா, பாட்டி காலத்து வேலை.

அவர்கள் பாசி எடுத்த தீவுகள்தான் 1986இல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா ஆயின. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர். எல்லையைப் பாகக் கணக்கில் போட்டிருக்கிறார்கள்: கரையைப் பார்த்த பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம் வரை, கடலைப் பார்த்த பக்கம் ஐந்து பாகம் வரை. ஒரு பாகம் ஆறு அடி. கயிற்றை இறக்கிப் பார்த்தால்தான் நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா வெளியே இருக்கிறீர்களா என்பது தெரியும். பூங்கா என்று ஆன பிறகு இந்தப் பெண்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள்.

இவ்வளவு அழகான பவளத்தையும் தீவையும் காப்பாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கும் தொழிற்சாலைக்கும் பவளப் பாறையை வெட்டி வெட்டியே பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. பூங்கா இல்லாவிட்டால் இன்னும் எத்தனை போயிருக்குமோ. ஆனால் பாறையை வெட்டியவர்களையும், அதன் மேல் வளரும் பாசியைக் கையால் கிள்ளுகிறவர்களையும் ஒரே கோட்டுக்கு வெளியே நிறுத்துவது சரியா?

இந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. தாங்களாகவே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் போவது, இரும்புக் கரண்டியால் சுரண்டாமல் கையால் எடுப்பது, பாசி வளரும் காலத்தில் சில வாரம் ஒதுங்கி இருப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். "வேரோட புடுங்குனா அடுத்த மாசம் நாங்கதான பட்டினி?" என்றார் அந்த அக்கா. கடலை எப்படிப் பயன்படுத்துவது என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பிறகு வடகடல் பக்கம் கூட்டிப் போனார்கள். மூங்கில் மிதவைகள். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி சதுரம், அதில் கயிறு கட்டி கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கிறார்கள், நாற்பத்தைந்து நாளில் அறுவடை. இது பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. வருமானம் கிடைக்கிறது, அது உண்மை. ஆனால் குருசடைத் தீவில் இது பவளத்தின் மேல் படர்ந்து மூச்சடைத்துக் கொன்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூங்கா இருக்கும் கடலில் வளர்க்க 2005லேயே தடை போட்டிருந்தார்கள். வளைகுடாவில் கூடாது, நீரிணையில் கூடும். நடுவில் இருப்பது ஒரு பாலம். பாசி பாலத்தைப் பார்த்து நின்றுவிடுமா என்று தம்பி மகள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

கிளம்பும்போது ஒருவர், "இந்த மணல்லதான் பாசி காயப் போடுவோம். யாராவது வந்து அளந்துட்டுப் போனா பயமா இருக்கு" என்றார். என் பழைய வேலையை அதுவரை அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியில், மீனவக் கிராமம், பொதுப் பயன்பாட்டு இடம், மீன் உலர்த்தும் இடம் எல்லாவற்றையும் சர்வே எண் தெரிகிற அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்றே இருக்கிறது. படகு நிறுத்தும் இடம், வலை காயும் மணல் எல்லாம் வரைபடத்தில் விடுபட்டிருப்பதாகத்தான் கரையோரம் முழுக்க மீனவர்கள் சொல்லி வருகிறார்கள். 2019இல் விதி மாறி, மக்கள் நெருக்கமான ஊர்ப்புறங்களில் கட்டடம் கூடாத பட்டை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கலாம் என்று ஆகிவிட்டது. மீதி 150 மீட்டரில்தான் இந்தப் பாசி காய்கிறது. வரைபடம் மக்கள் பார்வைக்கு வரும்போது எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். என் முப்பத்தொரு வருடத்தில் 'கடல்' என்று எழுதி மூடிய படங்களில் இப்படி எத்தனை மணல் வெற்றிடமாக நின்றதோ.

ஜூலை 9, புதன்: ராமேஸ்வரம், தனுஷ்கோடி

காலை ராமேஸ்வரம் துறைமுகம். புதன்கிழமை, விசைப்படகு நாள். டோக்கன் வாங்கிக்கொண்டு படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. ஐஸ் கட்டி நொறுக்கும் சத்தம், டீசல் புகை. ஒரு படகில் ஏறப்போகும் பையனின் அம்மா கரையிலேயே நின்றுகொண்டிருந்தார், படகு சின்னதாகும் வரை.

இங்கே கிழமைக்கும் பாகத்துக்கும் மேலாக இன்னொரு கோடு இருக்கிறது. 1974இல் இந்தியாவும் இலங்கையும் நீரிணையில் போட்ட கோடு. கரையை ஒட்டி மூன்று கடல் மைல் நாட்டுப்படகுக்கு, கொஞ்ச தூரத்தில் எல்லைக்கோடு, நடுவில் மிஞ்சுவது நூற்றுக்கணக்கான இழுவைப் படகுகளுக்குப் போதாத ஒரு பட்டை. தாண்டிப் போகிறார்கள், பிடிபடுகிறார்கள், படகு போகிறது, குடும்பம் தவிக்கிறது. அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சிறு வலை போட்டிருப்பவர்களும் தமிழர்கள்தான்; போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்கள். இழுவை மடி அவர்கள் வலையை அறுக்கிறது. மல்லிப்பட்டினத்துப் பெரியவர் என்ன சொன்னாரோ அதையே அவர்களும் சொல்கிறார்கள். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அதே வருடம் இங்கே இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் சூரைப் படகு வாங்க, 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு எழுபது சதவீத மானியம் என்று திட்டம் வந்தது. மீதி முப்பது சதவீதத்தைத் திரட்டுவதும், ஒரு நாள் பாட்டுக்குப் பழகியவர்கள் வாரக்கணக்கில் நடுக்கடலில் இருப்பதும் சுலபம் இல்லை. எதிர்பார்த்த அளவு யாரும் மாறவில்லை.

கூடிப் பேசி நாளைப் பிரித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இரண்டு கரையிலும் இருக்கிறார்கள். அவர்களை நேருக்கு நேர் உட்கார வைத்த பேச்சுகளும் சில தடவை நடந்தன. அவை ஏன் தொடரவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

தனுஷ்கோடியில் அரிச்சல்முனை வரை போனோம். 1964 டிசம்பர் புயலில் போன ஊர். சாலையின் ஒரு பக்கம் ஆண்கடல், ஒரு பக்கம் பெண்கடல் என்று ஆட்டோ ஓட்டிய தம்பி காட்டினார். போன மாதம் 5ஆம் தேதிதான் இங்கே 524.7 ஹெக்டேரைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தார்கள். இப்போது பறவைக் காலம் இல்லை. மீன் பொரித்து விற்கும் கொட்டகையில் ஊளி மீன் ஒரு துண்டு 150 ரூபாய். காற்றில் மணல் பறந்து தட்டில் விழுந்தது. அப்படியே சாப்பிட்டோம்.

விடுதியில் பேசிய வாடகையைவிட 300 ரூபாய் அதிகம் வாங்கிவிட்டார்கள். வாக்குவாதம் செய்யத் தெம்பு இல்லை.

ஜூலை 10, வியாழன்: கீழக்கரை

தையல் இழுக்கிறது. நாள் முழுக்க ஓய்வு. தம்பி மகளின் தோழி வீட்டில் தங்கினோம். அவள் உம்மா காலையில் இடியாப்பம், தேங்காய்ப்பால், மதியம் நெய்ச்சோறு, இரவு தொதல் என்று ஊட்டாத குறை. தொதல் கறுப்பாக, நெய் மின்ன, கையில் ஒட்டாமல் வாயில் கரைந்தது. மாடியில் முழு நிலா. கடல் பெருகிய சத்தம் அங்கிருந்தே கேட்டது.

ஜூலை 11, வெள்ளி: தூத்துக்குடி

உப்பளங்கள் வந்ததும் ஊர் வந்துவிட்டது தெரியும். ஒரு பக்கம் வெள்ளை உப்புக் குவியல், அதற்குப் பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கி, அதற்கும் பின்னால் துறைமுகப் பளுதூக்கிகள், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் தீவுகள். எல்லாமே ஒரே கடல் தண்ணீரைக் கேட்கின்றன. மெலிந்துகொண்டே வந்த வான் தீவுக்கு முன்னால் கான்கிரீட் வார்ப்புகளை இறக்கிச் செயற்கைத் திட்டு அமைத்திருக்கிறார்கள். அலையின் வேகம் குறைந்து மணல் சேர்கிறதாம், மீனும் வந்து தங்குகிறதாம். அடுத்தது காரியாசல்லித் தீவுக்கு. இதே தென்கடலில் காற்றாலை நடவும் 2024இல் நான்கு ஜிகாவாட்டுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினார்கள். காற்றாலை நல்லதுதான். எங்கே நடப் போகிறோம் என்பதை அந்த இடத்தில் வலை விடுகிறவரிடம் முதலில் கேட்க வேண்டும். கடைசியில் கேட்டால் அதற்குப் பெயர் கேட்பது இல்லை.

தம்பி மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு, மக்ரூன் கால் கிலோ வாங்கிக்கொண்டு, சாயங்காலம் தெரேஸ்புரம் கரைக்குப் போனேன். சங்கு குளிக்கும் ஆட்கள் இருக்கும் இடம். முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது. சங்குக்கு இன்னும் முங்குகிறார்கள். வயதான ஒருவர், இப்போது குளிப்பதில்லை, பேரனின் படகுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். கடலுக்கடியில் என்னவெல்லாம் இருக்கிறது தாத்தா என்று கேட்டேன்.

ஈர மணலில் விரலால் கோடு போட ஆரம்பித்தார். இது கரை. இது முயல் தீவு. இங்கே வெறும் மணல், இங்கே சேறு, இங்கே சங்கு மேயும் பூமணல். அப்புறம் பார்கள். கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள், ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. தொளாயிரம் பார் என்று ஒன்றைக் காட்டினார். எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன், எத்தனை பாகம், எந்தக் கோபுரம் எந்தப் புகைபோக்கிக்கு நேராக வந்தால் அதன் மேல் நிற்கிறோம், எல்லாம் அவர் விரலில் இருந்தது.

அலை வந்து அழித்துவிடுமே என்று பதறி என் நோட்டை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். கரையை முதலில் போட்டு, வழக்கம்போல் வடக்கை மேலே வைத்து, பக்கத்தின் வலது பாதியை முழுக்க அவருக்கு விட்டேன். பேரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பார் சேர்த்தார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். கண்ணைச் சுருக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"தொளாயிரம் அங்க இல்லம்மா. இன்னும் கெழக்க தள்ளு."

ரப்பரை எடுத்து அழித்தேன்.